புள்ளியை முதலில் அடி

போன வாரம் நம் ஓய்வூதியர் சங்கத்து அறையில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நாலு கம்ப்யூட்டரிலும் இருந்த பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கீழே இடது மூலையில் இருந்த பொத்தானைக் காணோம். நேற்றுவரை இருந்த இடத்தில் எதுவும் இல்லை. கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் நண்பர், "அணைக்கிற எடம் எங்கன்னு கூடத் தெரியல, நான் இன்னா முட்டாளா?" என்று மவுஸை மேஜையில் ஓங்கி வைத்துவிட்டு எழுந்து போனார். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மவுஸை வாங்கி நானே காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். வாங்கவில்லை. அதில் அவருக்கு என்மேல் கோபம் என்று கேள்விப்பட்டேன்.

உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்க என்னை உட்காரவைத்துவிட்டு, "உனக்குப் பொறுமை அதிகம்" என்கிறீர்கள். எனக்குப் பொறுமை கிடையாது. சின்ன வயதிலும் கிடையாது. நான் கற்றுக்கொண்டது வேறு ஒன்று. அதைக் கற்றுக்கொண்ட காலத்தைச் சொல்கிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தாலுக்கா ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. வெறும் டைப்பிஸ்ட் இல்லை, சீனியர் டைப்பிஸ்ட். அவர் அடித்த இங்கிலீஷ் தாளைக் கலெக்டர் ஆபீசில் எடுத்துப் பார்த்துவிட்டு, "செஞ்சியில் யார் இது?" என்று கேட்டதாக ஒரு பேச்சு வீட்டில் உண்டு. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் விளிம்பில், பஸ்ஸில் போனால் முன்சீட்டுக் கம்பியில், அவருடைய விரல்கள் எதையாவது அடித்துக்கொண்டே இருக்கும். தூங்கும்போதும் பாயில் விரல் துடிக்கும். அம்மா அந்தக் கையைப் பிடித்து அமுக்கிவைப்பாள்.

ஆபீசுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் தமிழ் டைப்ரைட்டர். இனி ஆபீஸ் கடிதமெல்லாம் தமிழில்தான் போகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நைனா அந்தப் பெட்டியை மூடி ஒரு மூலையில் வைக்கச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஒரு வருஷம் பாப்பாங்க, அப்புறம் திருப்பி அனுப்பிடுவாங்க. இங்கிலீஷ் இல்லாம கவர்மெண்ட்டு நடக்குமா?" என்றார்.

ஹெட் கிளார்க் அப்படி நினைக்கவில்லை. தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணாத டைப்பிஸ்டைத் தபால் பிரிவுக்கு மாற்றுவதாக எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். தபால் பிரிவு என்றால் நாள் முழுக்க உறை ஒட்டி ஸ்டாம்பு குத்துவது. அன்று நைனா பொழுது சாய்வதற்குள் சாப்பிட வரவில்லை. நாங்கள் சமணர்கள், எங்கள் வீட்டில் இருட்டினால் சாப்பாடு கிடையாது. அவர் வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரைக்கூடத் தொடாமல் படுத்துக்கொண்டார். விரல்கள் மட்டும் படுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சின்னம்மா எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மாவின் தங்கை. விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சித்தப்பா நல்லவர் என்பதுதான் எங்கள் வீட்டு அபிப்பிராயம். வரும்போதெல்லாம் எனக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிவருவார், அம்மாவை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுவார், சத்தம் போட்டுப் பேசமாட்டார். சின்னம்மாதான் சிடுசிடுப்பு. ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். வாசலில் சைக்கிள் மணி அடித்தால் அப்படியே நின்றுவிடுவாள். சைக்கிள் தாண்டிப் போன பிறகுதான் அடுத்த அடி எடுத்துவைப்பாள்.

கல்யாணத்துக்கு முன்பு காஞ்சிபுரத்தில் மாமா வீட்டில் இருந்தபோது அவள் தமிழ் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். அது நைனாவுக்கும் தெரியும். தெரிந்தும் அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மொழிப் போராட்டத்துக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ராஜகிரிக் கோட்டைப் பக்கம் ஓடவேண்டும், குளத்துப் பாறையில் வழுக்கவேண்டும். வெளியே விடமாட்டார்கள். தெருவில் எந்நேரமும் ஊர்வலம். கோஷம் நெருங்கி வரும், ஜன்னலை நிரப்பும், பஜார் பக்கம் தேய்ந்து போகும். அடுத்த கோஷம் வரும்வரை வீடு காத்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

ஒரு சனிக்கிழமை நைனா ஒரு முடிவுக்கு வந்தார். ஆபீசில் பியூன்கள் பார்க்க உட்கார்ந்து எழுத்துத் தேட அவருக்கு மனம் வரவில்லை. ஹெட் கிளார்க்கிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி வாங்கினார். சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, மேலே கம்பளியைப் போர்த்தினார். மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்த என்னை முன்கம்பியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். திருடிய ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோகிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே மிதித்தார்.

பஜார் முனையில் ஊர்வலம் எதிரே வந்தது. பெரிய வகுப்பு மாணவர்கள். ஒருவன் சைக்கிளை மறித்தான்.

"கம்பளிக்குள்ள இன்னா சார்?"

"ஆபீஸ் சாமான். வழிய வுடுப்பா" என்றார் நைனா.

"ஆபீஸ் சாமான ஏன் மூடிக் கொண்டாறீங்க? இந்தி மிஷினா?"

அதற்குள் இன்னொருவன் கம்பளியை இழுத்துவிட்டான். கறுப்பு மிஷின் வெயிலில் பளபளத்தது. பொத்தான்களில் க, ப, த, ம. பிறகு ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள்! "தமிழ் மிஷின்டோய்!" என்று கத்தினார்கள். யாரோ ஒருவன் தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி மிஷினுக்குப் போட்டான். டீக்கடைப் பெஞ்சில் அதை இறக்கிவைத்தார்கள். ஒருவன் தன் கையிலிருந்த நோட்டீசைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரிய உருளையில் மாட்டினான்.

"தமிழ் வாழ்கன்னு அடிச்சிக் காட்டுங்க சார்!"

நைனா பெஞ்சின் முன்னால் குந்தினார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவே எட்டிப் பார்த்தது. அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு பொத்தான்களுக்கு மேல் வட்டமிட்டது. த கிடைத்தது. மி எப்படியோ வந்தது. ழ கிடைக்கவில்லை. அவருடைய பிடரியில் வியர்வை முத்துமுத்தாக எழும்புவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன்தான் குனிந்து, "இதோ சார்" என்று ழ-வைக் காட்டினான். நைனா அதை அடித்தார். பிறகு புள்ளியைத் தேடி அடித்தார். அது ழ-வின் தலையில் விழாமல் அடுத்த இடத்தில், ஒன்றுமில்லாத வெள்ளையில் போய் விழுந்தது. அதற்குமேல் வாழ்க வரவில்லை.

"சார், புள்ளி ஓடிப்போச்சி!" என்றான் ஒருவன். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை அவர்கள். சின்னப் பையன்கள். சிரித்துவிட்டு, மிஷினை மரியாதையாகத் தூக்கிக் கேரியரில் கட்டிக்கொடுத்துவிட்டு, கோஷம் போட்டபடி போய்விட்டார்கள். நைனா அதன்பிறகு சைக்கிளில் ஏறவில்லை. வீடுவரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். மாலையை வழியில் கழற்றி ஒரு மாட்டுக்குப் போட்டார்.

வீட்டுக் கூடத்தில் மிஷினை இறக்கியதும் சின்னம்மா உள்ளேயிருந்து வந்தாள். உருளையில் இன்னும் மாட்டியிருந்த நோட்டீசைப் பார்த்தாள். தனியாகத் தொங்கிய அந்தப் புள்ளியையும் பார்த்தாள்.

"புள்ளிய மொதல்ல அடிக்கணும் மாமா. அது நவராது. புள்ளி வெச்சிட்டு, அப்புறம் எழுத்து. எழுத்து அடிச்சாதான் வண்டி நவுரும்" என்றாள்.

நைனா நிமிராமல், "எழுதும்போது எழுத்து எழுதிட்டுத்தான புள்ளி வெக்கறோம்?" என்றார்.

"அது கை. இது மிஷினு."

நைனா கொஞ்ச நேரம் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார். சின்னக் கம்பளிதான். மடித்து முடிக்கவே முடியாததுபோல மடித்தார். பிறகு, "எங்க, காட்டு" என்றார்.

பாடம் உடனே தொடங்கிவிடவில்லை. மிஷினுக்குள்ளிருந்து எறும்பு வந்தது. மரப்பெட்டி வைக்கோலில் குடியிருந்தவை. அம்மா கரண்டியோடு வந்து நின்று, "எறும்பு எறங்கற வரைக்கும் ஒரு எழுத்து அடிக்கக் கூடாது. பாவம் சேரும்" என்றாள். ஒவ்வொன்றாக இறங்கிக் கொல்லைப் பக்கம் போகும்வரை நைனாவும் சின்னம்மாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நைனாவின் தொடை ஆடியது. சின்னம்மா எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

சின்னம்மாவின் முறை இதுதான். மிஷினின் கைப்பிடியிலிருந்து இந்தப் பக்கம்வரை ஒரு ஈரிழைத் துண்டைக் கூரைபோலப் பிடிக்கவேண்டும். நைனாவின் கைகள் துண்டுக்கு அடியில். பொத்தான் கண்ணுக்குத் தெரியக்கூடாது. துண்டின் முனைகளைப் பிடிப்பதும், அடிக்கவேண்டிய எழுத்தை உரக்கச் சொல்வதும் என் வேலை. "ய ள ன க. ட ம த. ய ள ன க. ட ம த." கை வலிக்கும். தெருவில் கோஷம் கேட்கும். எனக்கு ஓடவேண்டும்போல இருக்கும். "ய ள ன க" என்று கத்துவேன்.

நைனாவின் விரல்கள்தான் முதல் எதிரி. அவை இங்கிலீஷ் விரல்கள். அ-வைத் தேடச்சொன்னால் இங்கிலீஷ் ஏ இருக்கும் இடத்துக்குப் போகும். தமிழ் மிஷினில் அங்கே ய இருக்கும். ஒன்றும் தெரியாதவன் கற்றுக்கொண்டுவிடுவான், தெரிந்தவனுக்குத்தான் கஷ்டம் என்று சின்னம்மா சொல்வாள். ஒருமுறை நைனா திண்டாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் துண்டைப் போட்டுவிட்டு அவர் விரலைப் பிடித்துச் சரியான பொத்தானில் வைத்தேன். சின்னம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"கை மேல கை வெக்காத. நீ வெச்சா அது ஒன் வெரலு. அவரு வெரலுக்கு இன்னா தெரியும்?"

வலித்தது. அழுதேன். ஆனால் அவள் சொன்னது ஏறிவிட்டது.

வார நாட்களில் மிஷின் ஆபீசுக்குப் போய்விடும். அதற்காகச் சின்னம்மா பழைய காலண்டர் அட்டையில் வட்டம் வட்டமாகப் போட்டு எழுத்துகளை எழுதிக்கொடுத்தாள். நைனா ஆபீசிலிருந்து வந்ததும், பொழுது சாய்வதற்குள் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். சத்தமில்லாத டைப்பிங். விரல் பட்டுப் பட்டு அட்டை பழுத்துப்போயிற்று. வேர்வையில் க-வும் த-வும் அழிந்தன. அந்த அட்டை எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை. ரிப்பன் வந்த தகர டப்பாவும், ஒருமுனையில் பிரஷ் வைத்த வட்ட ரப்பரும்கூடத் தொலைந்துவிட்டன.

ஆபீசின் இளைய டைப்பிஸ்டும் பாடத்துக்கு வர ஆரம்பித்தார். அவருக்கும் பரீட்சை. மீசை அப்போதுதான் அடர்ந்திருந்தது. ஆடிக்கொண்டே இருக்கும் கால். அவர் சுலபமாகக் கற்றுக்கொண்டார். அதில் நைனாவுக்கு எரிச்சல். சின்னம்மா இருவரையும் ஒரே மாதிரி திட்டினாள். "மாமா, கீழ பாக்காதீங்க! சார், நீங்களுந்தான்!" என்று அவள் போடும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். அந்தக் கூடத்தில் பாடம் நடக்கும்போது மட்டும் சைக்கிள் மணி கேட்டால் அவள் நிற்கமாட்டாள் என்பதை நான் கவனித்திருந்தேன். அப்போது அதற்கு அர்த்தம் தெரியாது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் ஏதோ கேட்டிருக்கிறாள். அன்று அம்மா அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள்.

"இன்னாடி இது? வயசுப் பையன் வரான் போறான். ஊரு வாய மூட முடியுமா? புருசன் வூட்ட வுட்டுட்டு இங்க குந்திக்கினு ஆம்பளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறியே, நாளைக்கு அவரு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

சின்னம்மா, "ஒண்ணியும் சொல்லாத. நான் போவல" என்றாள்.

"ஏன் போவல? சொல்லு. குடிக்கிறாரா? வேற யாரையாவது வெச்சிருக்கறாரா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாடி? தங்கமான மனுசன்!"

சின்னம்மா கொல்லைக்குப் போய்விட்டாள். அம்மாவை நான் இப்போது குறை சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த கெட்டவர்கள் எல்லோரும் சத்தம் போடுகிறவர்கள். சத்தம் போடாத ஒருவரைப் பற்றி அவளால் எப்படிக் கெட்டதாக நினைக்கமுடியும்? தங்கையின் வாழ்க்கை கையைவிட்டுப் போகிறது என்று அவள் தவித்தாள். அந்தத் தவிப்பில், யாரிடமும் கேட்காமல் சித்தப்பாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டாள். பரீட்சை முடிந்ததும் வந்து அழைத்துப் போங்கள் என்று. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

சின்னம்மா ஏன் போகவில்லை என்பது நைனாவுக்குத் தெரிந்தது வேறு விதத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா, "தென்னாற்காடு மாவட்டம், செஞ்சி வட்டம்" என்பதை வேகமாக அடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். செஞ்சி என்று அடிப்பது நைனாவுக்கு வரவே வராது. நடுவில் இருக்கும் ஞ் அவரைக் கவிழ்த்துவிடும். அத்தனை வருஷமும் அவர் இங்கிலீஷில் ஜிஞ்சி என்றே அடித்துவந்தவர். சொந்த ஊர்ப் பெயரே அவருக்குப் புதுச் சொல்லாக இருந்தது. அவள் விரல்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"ஏய், நிறுத்து. ஞ-வ எந்த வெரலால அடிச்ச?"

சின்னம்மா கையை எடுத்துவிட்டாள்.

"எனக்குச் சுண்டு வெரல்னு சொல்லிக் குடுத்துட்டு நீ பக்கத்து வெரல்ல அடிக்கிற! வாத்தியாரு ஏமாத்தறாரு, பாத்தியா?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் நைனா சிரித்தார்.

சின்னம்மா இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள். "இது மடங்காது மாமா."

"எங்க, காட்டு."

அவள் காட்டவில்லை. நைனா காத்திருந்தார். கடைசியில் கையை நீட்டினாள். சுண்டு விரல் நடுக்கணுவில் கோணலாக ஒட்டியிருந்தது. நான் அதை நூறு முறை பார்த்திருப்பேன், பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். நைனா விரல்களை அறிந்தவர். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"கல்யாணத்தப்ப இப்படி இல்லியே. இன்னா ஆச்சி?"

"கதவுல மாட்டிக்கிச்சி."

"கதவ யாரு சாத்துனது?"

மிஷினின் உருளைப் பிடியைச் சின்னம்மா திருப்பினாள். தாள் ஒரு வரி மேலே ஏறியது. "வேலைக்கு எழுதிப் போடறன்னு சொன்னன். அன்னிக்கித்தான்" என்றாள்.

நைனா துண்டை என் கையில் கொடுத்து, "புடி" என்றார். கைகளைத் துண்டுக்கு அடியில் நுழைத்துக்கொண்டார். அன்று அவர் தப்பு அடித்தபோதெல்லாம் சின்னம்மா திட்டவில்லை. "திட்டு" என்றார் நைனா. "நீ திட்டலன்னா எனக்கு வரல."

சித்திரை வெயிலில் பரீட்சைக்குப் போனோம். இடம் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடம். சின்னம்மாவும் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள், கீழ்நிலை மட்டும் முடித்தவள் மேல்நிலை எழுத. இரண்டு ஆண்களோடு தனியாக அவளை அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை, அதனால் துணைக்கு நான். விழுப்புரம் என்றதும் சின்னம்மா முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம்வரை நைனா அவளுக்கு வலப்பக்கமாகவே நடந்தார்.

முதல் அணியில் நைனாவும் இளைய டைப்பிஸ்டும் உள்ளே போனார்கள். நானும் சின்னம்மாவும் புங்கமரத்தடியில் நின்றோம். மணி அடித்தது. அத்தனை மிஷின்களும் ஒரே சமயத்தில் எழுந்தன. தகரக் கூரையில் மழை கொட்டியதுபோல இருந்தது. சின்னம்மா கண்ணை மூடிக் கேட்டாள். "மாமா எதுன்னு தெரியுது" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். "நின்னுட்டாரு" என்றாள்.

நைனா வெளியே வந்தபோது கைகள் இரண்டும் அவருடையவை இல்லாததுபோலத் தொங்கின.

"நல்லாத்தான் போச்சி" என்றார். "பாதியில கீழ பாத்துட்டன். துண்டு இல்லியா. பாத்ததும் எல்லாம் ஒரே எழுத்தாத் தெரிஞ்சிது. அப்புறம் ஒண்ணியும் வரல. பாதித் தாள வெள்ளையாக் குடுத்துட்டு வந்துட்டன்."

சின்னம்மா அவரைத் தேற்றவில்லை. அதற்குள் அவளுடைய அணிக்கு மணி அடித்துவிட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே ஓடினாள். இந்த முறை கேட்டது நைனா. அவர் என்னிடம், "அதோ, அதுதான் அவ" என்றார். முடியும்வரை அந்த மழை ஓயவில்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. எனக்குப் பசி. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாகவேண்டும். அப்போதுதான் பார்த்தேன், டீக்கடைப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு சித்தப்பா நின்றிருந்தார். அவர் பக்கத்தில் சின்னம்மாவின் பச்சைத் தகரப்பெட்டி. கொஞ்சம் தள்ளி அம்மா நின்றிருந்தாள். பெட்டியைக் கட்டி அவளே கொண்டுவந்திருந்தாள்.

சித்தப்பா சிரித்துக்கொண்டே வந்தார். என் கையில் மிட்டாய்ப் பொட்டலத்தை வைத்தார். "அண்ணே, அண்ணி கடுதாசி போட்டிருந்தாங்க. கடைசி பஸ்ஸுக்கு அழைச்சிக்கினு போயிடறன்" என்றார்.

சின்னம்மா என் தோளைப் பிடித்தாள். அந்தப் பிடியின் வலியை இப்போதும் சொல்லமுடியும், அதில் நாலு விரல்தான் அழுத்தியது.

நைனா, "இப்ப அனுப்ப முடியாது" என்றார்.

"ஏன் அண்ணே?"

நைனா சுற்றிலும் பார்த்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், டீக்கடைக்காரர், தாலுக்கா ஆபீஸ் பியூன் இருவர், நியூஸ் பேப்பரோடு உட்கார்ந்திருந்த ஹெட் கிளார்க். யார் பார்க்கக்கூடாது என்று கம்பளியைப் போர்த்தினாரோ அவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"நான் பரீட்சையில பெயிலு" என்றார் நைனா, சத்தமாக.

"ரிசல்ட்டு வந்துட்டுதா?"

"வரவேணாம். பாதித் தாளு வெள்ளையாக் குடுத்துட்டு வந்தன். எனக்குத் தமிழ் அடிக்க வரல. இவதான் எனக்கு வாத்தியாரு. பாடம் முடியல. முடியாம வாத்தியார எப்படி அனுப்பறது?"

யாரோ சிரித்தார்கள். ஹெட் கிளார்க் பேப்பரைத் தாழ்த்தினார். சித்தப்பாவும் சிரித்தார். "பொம்பளகிட்டப் பாடமா அண்ணே? நல்லா இருக்குது! எப்ப முடியும்?"

"தெரியாது. நான் மந்தம்."

சித்தப்பாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. குனிந்து பெட்டியின் பிடியில் கைவைத்தார். நைனா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் சின்னம்மாவுக்கும் மட்டும்தான் கேட்டது.

"வெரலப் பாத்துட்டன்" என்றார்.

சித்தப்பா பிடியை விட்டார். கொஞ்ச நேரம் சட்டைக் கையை நீவிக்கொண்டு நின்றார். பிறகு எதிரே புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். எங்களைப் பார்க்கவில்லை. பெட்டியை நைனா தோளில் தூக்கிக்கொண்டார். வழியெல்லாம் அம்மா, "மானம் போச்சி, நடுரோட்டுல மானம் போச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. அன்று யாரும் சாப்பிடவில்லை. மிட்டாய்ப் பொட்டலம் என்ன ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை.

நைனாவைத் தபால் பிரிவுக்குத்தான் போட்டார்கள். உறை ஒட்டினார். பசை காய்ந்து நகக்கண்ணில் வெள்ளையாக ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டிக்கொண்டே பாடத்துக்கு உட்காருவார். இளைய டைப்பிஸ்ட் பாஸாகி மாற்றலாகிப் போனார். சின்னம்மா மாவட்டத்திலேயே நல்ல மார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெட் கிளார்க்கே இரண்டு குமாஸ்தாக்களை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். எதிர்வீட்டு அம்மாள் தன் மகளை அனுப்பினாள். துண்டு பிடிக்க ஆள் போதாமல் ஆணியில் கட்டினோம். ஐப்பசியில் நைனா பாஸ் பண்ணினார். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. இங்கிலீஷில் இருந்த பேர் அவருக்குத் தமிழில் கடைசிவரை வரவில்லை. பழைய நாற்காலி திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான்.

அம்மா அந்த மாதங்களெல்லாம் தங்கையோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு போடுவாள், தலைக்கு எண்ணெய் வைப்பாள், பேசமாட்டாள். விரலைப் பற்றி நைனா அவளிடம் சொன்னாரா, சின்னம்மாவே சொன்னாளா, தெரியாது. ஆனால் ஒரு நாள் அம்மா கொல்லையில் தங்கைக்கு எண்ணெய் தேய்க்கும்போது அந்த இடது கையை எடுத்து, விரல் விரலாக நீவி, சுண்டு விரலில் வந்ததும் நிறுத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நான் தண்ணீர் மொண்டுவரப் போய்விட்டேன்.

மறுவருஷம் தை பிறந்ததும் சின்னம்மாவுக்குத் திருவண்ணாமலையில் வேலை கிடைத்தது. பெண்கள் விடுதியில் இடம் பார்த்தாகிவிட்டது. புறப்படவேண்டிய ஞாயிற்றுக்கிழமை, அவசர வேலை என்று நைனா மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பெட்டி வாசலுக்குப் போய்விட்டது. ஜட்கா வந்து நின்றது. சின்னம்மா அம்மாவிடம் சொல்லிக்கொள்ள உள்ளே வந்தாள். அடுப்படியில் அம்மா இல்லை. கூடத்தில் மிஷின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். உருளையில் ஒரு தாளைக் கோணலாக மாட்டியிருந்தாள்.

"ஒம் பேர அடிக்கணும்" என்றாள், மிஷினைப் பார்த்தபடி. "எப்படின்னு சொல்லு. நீ அடிக்காத."

சின்னம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொத எழுத்த நீயே தேடுக்கா" என்றாள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், அதிகம் இல்லை. கரண்டி பிடித்துக் காய்த்த அந்த ஒற்றை விரல் மேல் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு பொத்தானாக நின்று நின்று வந்தது. குதிரை குளம்பைத் தட்டியது. ஜட்காக்காரர் குரல் கொடுத்தார். நைனா வாசலிலிருந்து, "பஸ் போயிடும், சீக்கிரம் வா!" என்று கத்தினார்.

"இருங்க" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமலே.